எங்கள் பாதிக்கு அடித்த ரோஸ்

போன மாதம் எங்கள் வீட்டின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் பேசுவதற்காக ஒரு காண்ட்ராக்டர் வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையில் ஒரு டேப்லெட். வீட்டைப் போட்டோ எடுத்தார், திரையில் விரலை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தார், வீடு பச்சையாகிவிட்டது. இன்னொரு தேய்ப்பு, நீலம். என் மகன் "செம" என்றான். எனக்கு மட்டும் கை பரபரத்தது. "ஷேடு கார்டு இல்லீங்களா தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாருங்க மேடம் பாக்கறாங்க?" என்று சிரித்தார்.

நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். திருப்பூரில் எண்பதுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குக் கலர் என்றால் என்னவென்று தெரியும். சாக்கடையில் காலையில் சிவப்பும் மத்தியானம் கறுப்பும் ஓடும். அதைத் தாண்டிக் குதித்துக்கொண்டே எந்தக் கம்பெனிக்கு என்ன ஆர்டர் என்று ஜோசியம் சொன்ன கூட்டம்தானே நாம். ஆனால் ஒரு கலரைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறீர்களா? ஒரு பள்ளி விடுமுறை முழுக்க எனக்கு எரிந்தது. அந்தக் கலரின் பெயர் ரோஸ்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீடு ஒரே நீள வீடு. அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, கட்டியது. பெரியப்பாவும் அப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பி, ஒரு வீட்டை இரண்டாக்கினார்கள். உள்ளே பிரித்துவிட்டார்களே தவிர, வெளியே முகப்பு ஒன்றுதான். ஒரே சன்ஷேடு, ஒரே கைப்பிடிச்சுவர், நடுவில் மழைத்தண்ணீர் இறங்கும் ஒரு குழாய். குழாய்க்குக் கிழக்கே அவர்கள், மேற்கே நாங்கள். மேலே கைப்பிடிச்சுவரில் அப்பாரு சிமெண்டில் எழுத்து வைத்திருந்தார், 'முருகன் துணை' என்று. பாகம் பிரித்தபோது 'முருகன்' அவர்கள் பக்கம் போய்விட்டார். எங்கள் பக்கம் 'துணை' மட்டும் நின்றது.

"பாகம் பிரிக்கையில சாமிய அவிங்களுக்கு எழுதிக் குடுத்துப்போட்டு, வெறும் துணைய வாங்கிட்டு வந்தாரு உங்கப்பா" என்று அம்மா, அரிசி களையும்போதெல்லாம் சொல்வாள். எதற்கு அரிசி களையும்போது என்று எனக்குத் தெரியாது. அந்த வேலைக்கு அந்தப் பேச்சு பொருந்தியது போல.

பெரியப்பா பனியன் கம்பெனி வைத்திருந்தார். உள்ளூர் சரக்கில் ஆரம்பித்து அந்த வருடம்தான் எக்ஸ்போர்ட்டுக்குள் கால் வைத்திருந்தார். அப்பா வீரபாண்டியில் வேறொருவரின் டையிங்கில், அதாவது சாயப்பட்டறையில், மாஸ்டர். வெளிநாட்டிலிருந்து கையகலத் துணித்துண்டு ஒன்று வரும், இந்த ஷேடில்தான் சாயம் வேண்டும் என்று. மற்ற மாஸ்டர்கள் நாலு தடவை, ஐந்து தடவை சாம்பிள் போட்டு அனுப்பித் திரும்ப வாங்குவார்கள். அப்பா போட்டால் பெரும்பாலும் முதல் தடவையே அப்ரூவல். துணித்துண்டை வாசல் நிழலில், காலை பத்து மணி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, "மஞ்ச ஒரு சொட்டு எச்சு" என்பார். கூடிப்போன அந்த ஒரு சொட்டைக் கண்டுபிடிப்பதில்தான் எங்கள் குடும்பத்தின் கௌரவம் முழுவதும் இருந்தது.

அந்தக் கோடையில் வீட்டில் ஒரே பேச்சு. பெரியப்பா சொந்தமாக டையிங் போடப் போகிறார். அதற்கு யார்?

"உங்களத்தான் கூப்புடுவாருங்க. வேற யாரக் கூப்புடுவாரு?" என்பாள் அம்மா.

"கூப்புட்டா பார்ட்னரா கூப்புடட்டும். மாஸ்டரா கூப்புட்டா நான் போறதா இல்ல. அண்ணங்கிட்டக் கையக் கட்டிட்டு நிக்கறதுக்கு, வெளியாளுகிட்ட நின்னுட்டுப் போறேன்."

"நீங்களாப் போயிக் கேக்கலாமில்லீங்க?"

"நான் எதுக்குப் போயிக் கேக்கறது?"

அத்துடன் பேச்சு முடியும். மறுநாள் அதே இடத்திலிருந்து தொடங்கும்.

இந்த நேரத்தில்தான் பெரியப்பாவின் வீட்டுக்கு சரக்கு வாங்கும் வெள்ளைக்கார பையர் ஒருவர் சாப்பிட வரப்போவதாகத் தகவல் வந்தது. கம்பெனியைப் பார்த்துவிட்டு, மத்தியானம் வீட்டில் சாப்பாடு. பையரை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவதென்றால் அன்றைக்குத் திருப்பூரில் சாதாரண விஷயமா? எங்கள் வீதியில் அதுவரை வெள்ளைக்காரரை யாரும் பார்த்ததில்லை. பெரியப்பா வெளியே வந்து, இடுப்பில் கைவைத்து வீட்டை அண்ணாந்து பார்த்தார். பாசி பிடித்த சுவர். அடுத்த வாரம் கோயமுத்தூரிலிருந்து பெயிண்ட் காண்ட்ராக்டர் வந்து இறங்கினார்.

அதுவரை எங்கள் வீதிக்குப் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பவர் ஒருவர்தான் வருவார். ஒரு வாளி, ஒரு மட்டை, சட்டையில்லாத உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. ஆனால் இந்தக் காண்ட்ராக்டர் ஸ்கூட்டரில் வந்தார். பின்னால் வண்டியில் சவுக்குக் கம்புகளும் கயிறும் நாலு ஆட்களும். சாரம் கட்டினார்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டி வீதியே தும்மியது. காண்ட்ராக்டர் எங்கள் வாசலுக்கும் வந்தார்.

"ஏனுங்க, பெரியவரு முழு மொகப்புக்கும் சேத்துத்தான் பேசியிருக்கறாருங்க. உங்க பாதிக்கும் சாரம் கட்டிக்கட்டுங்களா?"

"எங்க பாதிய நாங்க பாத்துக்கறோமுங்க" என்றார் அப்பா.

"கலரு புடிக்காட்டி உங்களுக்கு வேற கலரு..."

"கலரா? கலர நீங்க எனக்குச் சொல்றீங்களாக்கும்?"

அவர் பாவம், ஒன்றும் புரியாமல் போய்விட்டார். உள்ளே அம்மா ஒரு தட்டத்தைக் கீழே வைத்த சத்தம் பெரியப்பா வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"தானா வர்றத ஏனுங்க எட்டி ஒதைக்கறீங்க?"

"அண்ணன் பாத்துப் பூசியுடற கலர்ல நான் குடியிருக்கறதா?"

எனக்கு அப்பா சொன்னது ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் அந்தக் கலரைத் தேர்ந்தெடுத்தது பெரியப்பாகூட இல்லை. அவர் மகள்.

அவள் என்னைவிட மூன்றே மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்துக்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். அவள் இங்கிலீஷ் மீடியம், நான் தமிழ் மீடியம். அவளுக்குச் செருப்போடு ஷூவும் உண்டு, எனக்குச் செருப்பு மட்டும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் காண்ட்ராக்டர் வந்த முதல் நாள், பெரியப்பா அவளை முன்னால் நிறுத்தி, "கண்ணு, நம்ம ஊட்டுக்கு என்ன கலரு அடிக்கலாம், நீயே சொல்லு" என்று கேட்டாரே, அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என்னை அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை, தலைவலி மாத்திரை எங்கே வைத்தாய் என்பதைத் தவிர. அவள் சொல்லும் வாய்க்கு ஒரு வீடே கலர் மாறப்போகிறது!

காண்ட்ராக்டர் அவளிடம் ஷேடு கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். "வேலை முடியறவரைக்கும் நீயே வச்சுக்க கண்ணு." பத்து மடிப்பு. விரித்தால் ஒரு கை நீளம். ஒவ்வொரு மடிப்பிலும் தீப்பெட்டி அகலத்துக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள், அச்சடித்ததல்ல, நிஜப் பெயிண்டையே தடவியவை. விரல் நுனியை வைத்தால் சொரசொரப்பு தெரியும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று ஏன் சொல்கிறேன் என்றால், தொட விடவில்லை.

"தொடாதடி. கை வேர்த்திருக்குது உனக்கு."

"பாத்துட்டுத் தர்றேனுங்க்கா."

"கண்ணால பாரு. கண்ணு கையிலயா இருக்குது?"

ஒவ்வொரு கலருக்கும் கீழே இங்கிலீஷில் பெயர். அவள் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள், டீச்சர் மாதிரி. நான் மண்ணெண்ணெய் போன்ற அந்த வாசனையை மட்டும் இழுத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவள் விரல் ரோஸில் நின்றது. வெறும் ரோஸ் இல்லை. மாம்பழத் தோலில் வெயில் பட்ட பக்கம் இருக்குமே, அந்த மாதிரி. நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்த ஆட்கள் வேலை செய்ததைச் சொல்ல வேண்டும். பூசுவதற்கு முன் சுவரைத் தண்ணீர் அடித்து ஊறவைத்தார்கள். பூசியபின் மறுநாள் மறுபடி தண்ணீர் அடித்தார்கள். "அவிங்க கலருக்குக் குளிப்பாட்டறாங்க" என்று நான் கிண்டல் செய்தேன். சாரத்தின் மேலிருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் குனிந்து, "ஏ பாப்பா, இது சிமெண்டுப் பெயிண்டு. தண்ணி குடிக்கக் குடிக்கத்தான் இறுகும் தெரியுமா?" என்றார். நான் நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு ஓடிவிட்டேன்.

ஐந்தாம் நாள் சாரத்தைப் பிரித்தார்கள். குழாய்க்குக் கிழக்கே ரோஸ் வீடு. 'முருகன்' வெள்ளையில் ஜொலித்தார். குழாய்க்கு மேற்கே, கறுத்து, பாசி படிந்து, நாங்கள். ஒரே முகத்தில் பாதிக்குப் பவுடர் போட்ட மாதிரி இருந்தது. வீதியில் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று, அங்கே பார்த்து, இங்கே பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போனார்கள். ஒன்றும் சொல்லாமல் போவதுதான் ரொம்பப் பேசியது.

அன்று மத்தியானம் அக்கா குளிக்கப் போயிருந்தாள். கார்டு தையல் மிஷின் மேல் இருந்தது. பக்கத்திலேயே நூல் வெட்டும் ட்ரிம்மர், பனியன் கம்பெனி வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் கிடக்குமே, அது. இரண்டு வெட்டு. ரோஸ் கட்டம் என் உள்ளங்கையில் இருந்தது. ஆமாம், சொரசொரப்புத்தான்.

அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினார். திருப்பிப் பார்த்தார். வெட்டிய ஓரம் அவ்வளவு நேராக இருந்தது.

"எங்க கண்ணு கெடச்சுது?"

"கீழ கெடந்துச்சுங்கப்பா."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் பொய் சொன்னால் தோலை உரிப்பேன் என்கிற மனிதர், அன்றைக்குத் துண்டை எடுத்துக்கொண்டு நேராக வாசல் நிழலுக்குப் போனார். ஒரு கண்ணை மூடினார்.

மறுநாள் டையிங்கிலிருந்து சின்னச் சின்னப் பொட்டலங்களில் சாயப்பொடி வந்தது. பின்கட்டில் அப்பா ஒரு லேபாரட்டரியே வைத்துவிட்டார். எவர்சில்வர் டம்ளர்கள், இங்க் ஃபில்லர், ஒரு வாளி நீற்றிய சுண்ணாம்பு. துணிக்குச் சாயம் போடுகிற அதே கணக்கில் உப்பு, சோடா எல்லாம் சேர்த்தார். "சாயம் புடிக்கறதுக்குக் காரம் வேணும். சுண்ணாம்பே காரந்தான். கல்லாட்டப் புடிச்சுக்கும் பாரு" என்று எனக்குப் பாடம் எடுத்தார். சுண்ணாம்பு அடிப்பவர் தலையைச் சொறிந்தார். "நமக்கு நீலம் போட்டுப் பழக்கமுங்க. இது துணிக்குப் போடறதில்லீங்களா?" அப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாளியைக் கழுவப் போய்விட்டார்.

பின்சுவரில், குளியலறைக்குப் பக்கத்தில், அப்பா ஒரு பாய் அகலத்துக்குப் பூசிப் பார்த்தார். காய்ந்ததும் கார்டுத் துண்டை அதன்மேல் வைத்தார். துண்டு எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருந்தது. அவ்வளவு சரி! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அக்காவுக்கு ஒரு கார்டு வேண்டியிருந்தது, கோயமுத்தூர் வேண்டியிருந்தது. எங்கப்பாவுக்கு இங்க் ஃபில்லர் போதும்.

அன்று சாயங்காலம் காண்ட்ராக்டர் சாமான்களைக் கழுவ எங்கள் பின்கட்டுக் குழாய்க்கு வந்தார். பெரியப்பா வீட்டில் தண்ணீர் நின்றுவிட்டிருந்தது. அந்தச் சுவரைப் பார்த்தார். விரலை ஈரப்படுத்தி ஒரு ஓரத்தில் தேய்த்தார். விரல் ரோஸாகிவிட்டது. அப்பா இல்லை. நான்தான் இருந்தேன்.

"இது துணிச்சாயந்தானே கண்ணு?"

"எங்கப்பா கலக்குனது."

"ஷேடு அருமையா இருக்குது. ஆனா செவுத்துல நிக்காது. ஒரு மழைக்குத் தாங்காது. அப்பாகிட்ட நாஞ்சொன்னேன்னு சொல்லு. ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லு, நானே வந்து பேசறேன். சொல்லீருவியா?"

"சொல்றேனுங்க."

சொல்லவில்லை. அப்போது எனக்குத் தோன்றியது இதுதான்: இவருக்குப் பொறாமை. தன் கார்டில் இருக்கிற கலரை, ஸ்கூட்டர் இல்லாமல், சாரம் இல்லாமல், எங்கப்பா கொண்டுவந்துவிட்டார். அது இவருக்குத் தாங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே குணம் அந்த வாரத்தில் அதுதானே. எல்லார் முகத்திலும் அதையே பார்த்தேன்.

மறுநாளே எங்கள் பாதி ரோஸாகிவிட்டது.

இதற்கு நடுவில் கார்டில் ஓட்டை விழுந்தது தெரிந்துபோயிற்று. திருப்பித் தரும்போது காண்ட்ராக்டர் விரித்துப் பார்க்க, ரோஸ் இருந்த இடத்தில் ஒரு ஜன்னல். பெரியம்மா அக்காவின் காதைத் திருகினார். அக்கா நேராக என்னிடம் வந்தாள்.

"நீதானடி எடுத்தே?"

"முருகன் மேல சத்தியமா நான் எடுக்கல."

"எந்த முருகன் மேல? எங்க முருகன் மேலயா?" என்று மேலே கையைக் காட்டினாள். "உங்குளுக்குத்தான் முருகனே இல்லையே."

அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். ஆனாலும் அந்தப் பதில் எனக்குத் தோன்றாமல் அவளுக்குத் தோன்றியதே என்றுதான் அப்போது கோபம் வந்தது. பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

பத்து நாட்கள். நான் சொல்லப்போகிற பத்து நாட்களை நீங்கள் எங்கள் வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டும். சிமெண்ட் பெயிண்ட் நல்ல கலர்தான், ஆனால் கொஞ்சம் செத்த கலர். எங்களுடையது உயிரோடு இருந்தது. காலை வெயிலில் அவர்கள் பாதி ரோஸாக இருக்கும், எங்கள் பாதி உள்ளிருந்து விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சின்னவரு ஊடுதான் எடுப்பா இருக்குது" என்றாள், பெரியம்மாவுக்குக் கேட்கிற மாதிரி. அம்மா அன்றைக்கு இரண்டு முழம் அதிகம் வாங்கினாள். அப்பா வேலைக்குப் போகும் முன் வீதிக்கு எதிர்ப்பக்கம் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஐந்து நிமிடம் நிற்பார். நான் பக்கத்தில் நிற்பேன்.

ஒருநாள் பெரியப்பாவும் வந்து எங்களோடு நின்றார். நெடுநேரம் பார்த்தார்.

"எங்குளுதவிட உன்றதுதான் நல்லா புடிச்சிருக்குது தம்பி. என்ன கம்பெனி பெயிண்ட்டு?"

"கம்பெனியெல்லாம் இல்லீங்கண்ணா. நம்ம கைதானுங்க."

பெரியப்பாவின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. பொறாமைதான் என்று நான் எண்ணி மகிழ்ந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அது பெருமையாக இருந்திருக்கலாம். இரண்டுக்கும் முகத்தில் ஒரே இடம்தான் போலிருக்கிறது.

"பையர் வர்ற அன்னிக்கு நீயும் எங்கூடச் சாப்புட வந்துரு. உன்னத்தான் அவருகிட்டக் காட்டோணும். டையிங் போடறதப் பத்தியும் அன்னிக்கே பேசீரலாம்."

"செரிங்கண்ணா" என்றார் அப்பா, அதிகம் ஆசைப்படாத குரலில். வீட்டுக்குள் வந்ததும் அம்மாவிடம், "வெள்ளச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வை" என்றார். "பார்ட்னருங்களா?" என்றாள் அம்மா. "கேக்கட்டும் பாக்கலாம்" என்றார். சிரிப்பை அடக்க அவர் மீசை பட்ட பாடு!

பையர் வந்தார். வெள்ளை அம்பாசடர், கூடவே மெட்ராஸிலிருந்து வந்த ஏஜெண்ட். பையர் காரிலிருந்து இறங்கியதும் முகப்பை அண்ணாந்து பார்த்தார். கையால் எங்கள் பாதியைக் காட்டி ஏதோ கேட்டார். பெரியப்பா அப்பாவின் தோளில் கை போட்டு, "மை பிரதர். டையிங் மாஸ்டர்" என்றார். அத்தனை பேர் முன்னால் அப்பாவின் தோளில் பெரியப்பா கை போட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பையர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு நான் பார்த்தேன். என் முகத்தில் கம்பியின் தடம் சாயங்காலம் வரை இருந்தது.

உள்ளே இலை போட்டு, பாயாசம் வரை போயிருக்கும். வானம் பொங்கலூர்ப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை தெரியுமே, சொல்லாமல் கொள்ளாமல். அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. நான் எங்கள் வாசலுக்கு ஓடினேன்.

முதலில் மஞ்சள் போனது. பிறகு சிவப்பு இறங்கியது. எங்கள் சுவரில் கோடு கோடாக, அடர்ந்த ரோஸ் ஓடையாக, வாசற்படியில் வழிந்து, வீதியில் இறங்கி, மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிற வழக்கப்படி கிழக்கே, பெரியப்பாவின் வாசலுக்குப் போனது. 'துணை'யிலிருந்து சொட்டியது. குழாய்க்கு அந்தப் பக்கம் அவர்கள் சுவர் தண்ணீர் குடித்துவிட்டு இன்னும் இறுகி, அப்படியே நின்றது.

மழை விட்டதும் அவர்கள் வெளியே வந்தார்கள். அம்பாசடர் ஒரு ரோஸ் குளத்துக்கு நடுவில் நின்றது. பையரின் ஷூ படியில் நின்றது, இறங்கலாமா என்று யோசித்தது. அவர் சுவரைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், அப்பாவின் கஞ்சி போட்ட சட்டையைப் பார்த்தார். பிறகு ஏஜெண்டிடம் ஒரு வார்த்தை சொன்னார். ஏஜெண்ட் சிரித்துவிட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. அப்பா தரையைப் பார்த்தார்.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். பத்து நாளுக்குப் பிறகு முதல் தடவையாக.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். "கலரு நல்லா இருக்குதுங்கறாரு" என்றாள்.

ஆனால் அவர் சொன்ன வார்த்தை எனக்குத் தெரியும். இங்கிலீஷ் மீடியம் படிக்க வேண்டியதில்லை. சாயம் கழன்று ஓடினால் வீரபாண்டியில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அதைத்தான் சொல்வார். ப்ளீடிங். டையிங் மாஸ்டரின் மகளுக்குத் தெரியாதா? அவள் எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது அதே பழைய எரிச்சல்தான். என்னைப் பார்த்து இரக்கப்படுகிற வசதியும் அவளுக்கே வாய்த்துவிட்டது.

டையிங்கைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அடுத்த வருடம் பெரியப்பா டையிங் போட்டார், ஈரோட்டிலிருந்து ஒரு மாஸ்டரைக் கொண்டுவந்து. அப்பா ரிட்டையர் ஆகும்வரை வீரபாண்டிக்கே டிவிஎஸ் ஃபிப்டியில் போய்வந்தார்.

மழைக்கு மூன்றாம் நாள் காலையில் எங்கள் பாதியில் சாரம் கட்டும் சத்தம் கேட்டது. பெரியப்பா யாரையும் கேட்கவில்லை. அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாலு நாளும் ஒரே பேப்பரைப் படித்தார். அம்மா மட்டும் ஆட்களுக்கு வேளாவேளைக்குக் காபி கொடுத்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. காண்ட்ராக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அப்பாகிட்டச் சொன்னியா கண்ணு?"

"மறந்துட்டேனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். மறந்ததற்கும் மறைத்ததற்கும் வித்தியாசம் தெரிந்த மனிதர். தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனார். வீடு முழுக்க ஒரே ரோஸ் ஆயிற்று. கைப்பிடிச்சுவரில் எழுத்து மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்தது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

வெட்டிய அந்தக் கட்டத்தை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். பாக்ஸ் எந்த வகுப்பில் தொலைந்ததோ தெரியவில்லை. அந்த வீடும் இப்போது இல்லை, இரண்டு பாதியையும் இடித்துக் குடோன் கட்டிவிட்டார்கள். அக்கா நன்றாக இருக்கிறாள். இன்றைக்கும் அவள் போன் வந்தால், எடுப்பதற்கு முன் என்னையறியாமல் தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறேன். போனில் முகம் தெரியாதுதான், இருந்தாலும்.

சரி, போன மாதத்துக்கு வருகிறேன். அந்தக் காண்ட்ராக்டர் தம்பி டேப்லெட்டை என் கையில் கொடுத்து, "நீங்களே செலக்ட் பண்ணுங்க மேடம்" என்றார். எத்தனை வருடம் கழித்து என்னைக் கேட்கிறார்கள் பாருங்கள். என் விரல் தேடித் தேடி அங்கேயே போய் நின்றது. மாம்பழத் தோலில் வெயில் பட்ட பக்கம். இரண்டு நாள் கழித்து, அந்தக் கலரை முன்சுவரில் ஒரு பாய் அகலத்துக்குப் பூசிக் காட்டினார்கள்.

அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். காலை பத்து மணிக்கு நாற்காலியை வாசலில் போடச் சொல்லி, உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடினார்.

"இது அந்த ரோசுதான?"

"ஆமாங்கப்பா."

"மஞ்ச ஒரு சொட்டு எச்சு."

எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கார்டை வெட்டியது, காண்ட்ராக்டர் விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தது, மழைக்குத் தாங்காது என்று சொல்லச் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது. "நான் சொல்லியிருந்தா டையிங்கு உங்குளுக்கு வந்திருக்கும்ப்பா. நாந்தான் கெடுத்தேன்."

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"அவன் வெரல்ல தொட்டுத்தான பாத்தான்? நான் ஒரு கொடம் தண்ணி ஊத்திப் பாத்தேன் கண்ணு. பின்செவுத்துல பூசுன அன்னிக்கு ராத்திரியே. ஓடுச்சு."

"தெரியுமாப்பா உங்குளுக்கு?"

"தெரியாமயா? சாயம் புடிக்கோணும்னா நூலு வேணுமில்ல? செவுத்துல ஏது நூலு? வாத்தியார் வேலையாட்ட உனக்கு என்னமோ சொன்னேன்."

"அப்பறம் எதுக்குப்பா அடிச்சீங்க?"

எதிர்வீட்டுச் சுவரை ஒரு பார்வை பார்த்தார். சாம்பல் நிறம். போன வருடம் அடித்தது.

"வெயில் காலந்தான. பையர் வந்துட்டுப் போற வரைக்கும் நின்னாப் போதும்னு இருந்துச்சு. அண்ணன் ஊட்டுக் கலருக்குப் பக்கத்துல நம்ம கலரு எடுப்பா நிக்கோணும், அத விட்டா அன்னிக்கு எனக்கு வேற ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல." கையைத் தூக்கி விரல்களை விரித்துக் காட்டினார், இரண்டு தடவை. "பத்து நாளு நின்னுச்சு."

முப்பத்தைந்து வருடமாக என்னுடையது என்று நான் மறைத்து வைத்திருந்ததை, இவ்வளவு லேசாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் பறிபோன மாதிரிதான் இருந்தது.

காண்ட்ராக்டர் தம்பி வாளியோடு காத்திருந்தார். "அய்யா, இதே கலரு வச்சுக்கலாங்களா?"

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நெசத்தச் சொல்லு கண்ணு. அந்தப் பத்து நாள்ல, யாரு பாதி எடுப்பா இருந்துச்சு?"

"நம்ம பாதிதானுங்கப்பா."

"ஒரு சொட்டு மஞ்சளக் கொறச்சு அடிக்கச் சொல்லு" என்றார்.